ஆங்கிலத்தை நம்பிக் கொரியா போனேன்

தென்கொரியாவுக்குப் படிக்கப் போக விரும்பும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். உபகாரச் சம்பளம் கிடைக்குமா? குளிரைத் தாங்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. கொரிய மொழியைக் கொஞ்சமாவது படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா என்பது அது. அதை யாரும் கேட்பதில்லை. “பாடம் ஆங்கிலத்தில்தானே” என்று நமக்கு நாமே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் போனேன். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண், ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்பு, என் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதிய பேராசிரியர். இனி என்ன குறை என்று நினைத்தேன். தேஜோன் நகரில் மாணவனாகச் சில ஆண்டுகள், பிறகு வேறொரு நகரில் விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. இப்போது அந்த நான்காவது கேள்விக்கு என் பதில், “ஆம், படித்துவிட்டுப் போங்கள்” என்பதே.

முதல் சிக்கல் என் பெயரிலேயே வந்தது. கொரியாவில் 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர், வந்து சேர்ந்த 90 நாளுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டை இருந்தால்தான் வங்கிக் கணக்கும் கைப்பேசி எண்ணும் ஒழுங்காக அமையும். சொந்தப் பெயரில் கைப்பேசி எண் இருந்தால்தான் இணையத்தில் ‘இது நான்தான்’ என்று உறுதிப்படுத்த முடியும். பொருள் வாங்குவதிலிருந்து அரசுப் படிவம் எடுப்பது வரை பலவற்றுக்கும் அந்த உறுதிப்பாடு தேவை. எல்லா இடத்திலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும்.

நம் கடப்பிதழில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ என்று ஒரு சுருக்கமும் சாய்கோடும் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? வங்கியில் இடைவெளி விட்டு எழுதினார்கள். கைப்பேசிக் கடையில் சேர்த்து எழுதினார்கள். இணையமோ இரண்டு பேரும் வெவ்வேறு ஆட்கள் என்றது. மூன்று முறை நடந்தேன். யாரும் என்னை அவமதிக்கவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் ‘இன்னாரின் மகன்’ என்று பொருள்படும் ஒரு சாய்கோட்டை அந்தச் செயலியால் விளக்க முடியவில்லை. கடைசியில் ஆய்வகத்தில் எனக்கு இளையவன் ஒருவன் கூட வந்து பேசித் தீர்த்தான். அதற்கு அரை நாள் ஆனது. அவன் வேலை அன்று கெட்டது. அடுத்த முறை உதவி தேவைப்பட்டபோது அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இது சின்ன விஷயம். பெரிய அடி ஆய்வகத்தில் விழுந்தது.

வாரந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடக்கும். திரையில் காட்டுவது ஆங்கிலத்தில் இருக்கும். வாதம் முழுவதும் கொரிய மொழியில் நடக்கும். நாற்பது நிமிடம் சூடாகப் பேசுவார்கள். முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் மூத்த மாணவர் என் பக்கம் திரும்பி, “மாதிரிகளைத் தொடரச் சொல்கிறார்” என்று ஒரே வரியில் சொல்வார். அந்த நாற்பது நிமிடத்தில் ஏன், எப்படி, எதை விட்டுவிட்டு என்பதெல்லாம் போய்விடும். ஒரு முறை உலையின் வெப்பநிலையை மாற்றுவதாகப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஒரு வரியில் அது இல்லை. ஆறு வாரம் பழைய வெப்பநிலையிலேயே மாதிரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தபோது பேராசிரியர் கோபப்படவில்லை. “கூட்டத்தில் நீயும் இருந்தாயே” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அவர்கள் என்னை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பேர் தங்கள் தாய்மொழியில் யோசிக்கும் இடத்தில் ஒருவனுக்காக எல்லாரும் எப்போதும் மொழி மாற்றிப் பேசுவது நடக்காது. நம் வீட்டுக் கூடத்திலும் அப்படித்தானே?

திரும்பிப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை மொழி வகுப்பில் சேர்ந்தேன். கொரிய நீதித்துறை அமைச்சு வெளிநாட்டவருக்காக நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. 0 முதல் 5 வரை நிலைகள். எனக்கு அடிமட்ட வகுப்புத்தான் கிடைத்தது. கொரியரை மணந்து வந்த வியட்நாமியப் பெண்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும்தான் அந்த வகுப்பில் அதிகம். அதுவரை பேருந்தில் யாராவது “எந்தத் தொழிற்சாலை?” என்று கேட்டால் “நான் மாணவன்” என்று அவசரமாகத் திருத்துவது என் வழக்கம். வகுப்பிலும் முதல் நாளே அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டேன்.

ஒருநாள் இடைவேளையில் அடுத்த வகுப்பிலிருந்து வந்த நேபாளத் தொழிலாளர் ஒருவர் நான் எந்த நாடு என்று விசாரித்தார். சொன்னதும் மலாயில் பேசத் தொடங்கிவிட்டார். கொரியா வருவதற்கு முன் ஜொகூரில் நான்கு ஆண்டுகள் காவலாளியாக வேலை செய்தவராம். கொரியாவில் ‘வேலை அனுமதி முறை’ 2004இல் தொடங்கியது. அதன் கீழ் வரும் தொழிலாளர் பொதுவாகத் தம் நாட்டிலேயே கொரிய மொழித் தேர்வில் தேறிய பிறகுதான் விமானம் ஏற முடியும். அவர் முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறி வந்தவர்.

“தம்பி, நீ எந்தத் தேர்வு எழுதிவிட்டு வந்தாய்?” என்று கேட்டார்.

“ஆங்கிலத் தேர்வு” என்றேன்.

“கொரியாவுக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. இரும்புப் பட்டறையில் வேலை செய்ய வருபவருக்கு அந்த நாட்டு மொழி வேண்டும். அந்த நாட்டில் ஆராய்ச்சி செய்ய வருபவனுக்கு வேண்டாமா? நாங்கள்தாம் படித்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

எனக்கு உதவிய அறிவுரையும் அவரிடமிருந்தே வந்தது. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் அமைத்து, பிறகு கொரிய மொழிக்குத் திருப்பித் திணறுவதைக் கவனித்திருக்கிறார். “நான் நேபாளியில் நினைப்பதை அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டில் பேசுகிற மொழி எப்படி?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதைக் கொரியர் ‘நானுன் ஹாக்யோஎ காயோ’ என்பார்கள். ‘நான்’ முதலில், ‘பள்ளிக்கு’ நடுவில், ‘போகிறேன்’ கடைசியில். நம் வேற்றுமை உருபு போலவே அங்கும் பெயருக்குப் பின்னால் ஒட்டு சேரும். ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டீங்களா’ என்று நாம் ஆளுக்கேற்ப மரியாதை மாற்றுவது போல் அங்கும் உண்டு. முதல் சந்திப்பிலேயே அவர்கள் வயதைக் கேட்பதற்கு அது ஒரு காரணம். உணவுக் கடையில் பரிமாறும் பெண்மணியை ‘சித்தி’ முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். நாம் முன்பின் தெரியாதவரை ‘அக்கா’ என்று அழைப்பதில்லையா?

கொரிய மொழியிலும் அப்பாவை ‘அப்பா’ என்றே அழைப்பதைக் காட்டி, இரண்டு மொழியும் உறவு என்று பெருமை பேசும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. எனக்கும் அந்தப் பெருமை தேவைப்படவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியது. தமிழில் யோசிக்கத் தெரிந்த மாணவனுக்கு அது கையில் இருக்கும் சாவி. ஆங்கிலத்தை அணைத்துவிட்டுத் தமிழை முடுக்கிய பிறகுதான் என் வாய் திறந்தது. ஓராண்டில் ஆய்வுக் கூட்டத்தின் பாதியாவது புரிந்தது. மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிச்சலும் வந்தது.

பின்னர் நானே ஆசிரியனானேன். இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வேலை. முதல் பருவத்தில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். “கேள்வி உண்டா?” என்று கேட்டால் அத்தனை தலையும் குனியும். ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று முடிவு கட்டினேன். பருவ முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் எழுதும் மதிப்பீட்டில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.’

என் ஆய்வகக் கதை வேறொரு கையெழுத்தில் வந்ததுபோல் இருந்தது.

அடுத்த பருவத்திலிருந்து வகுப்பின் முதல் பத்து நிமிடம் பாடச் சுருக்கத்தைக் கொரிய மொழியில் சொன்னேன். பிழையோடுதான். மாணவர்கள் சிரித்தார்கள், திருத்தினார்கள். ஆசிரியரே தப்பும் தவறுமாகப் பேசுகிறார், நாம் பேசினால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். அவர்களும் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நான் நன்றாகப் பேசிய பருவத்தைவிட, தடுமாறிப் பேசிய பருவத்தில்தான் அவர்கள் நன்றாகப் படித்தார்கள்.

நான்கு ஆண்டில் திரும்பிவிடப் போகிறோம், கொரியாவுக்கு வெளியே அவ்வளவாகப் பயன்படாத மொழிக்கு எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நான்கு ஆண்டும் உங்கள் வாழ்க்கைதான். மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதும், வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் பற்றிய வரியைப் படிப்பதும், நூடல்ஸ் பொட்டலத்தில் மாட்டிறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் பாடத்திட்டத்தில் இல்லை. மாணவர் விசாவில் பகுதிநேர வேலைக்கு எத்தனை மணிநேரம் அனுமதி என்பதுகூட உங்கள் கொரிய மொழித் தேர்ச்சி நிலையைப் பொறுத்தது.

2027க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்கப் போவதாகக் கொரிய அரசு 2023இல் அறிவித்தது. நம் ஊர்க் கல்விக் கண்காட்சிகளில் இனி இன்னும் பல கையேடுகள் கிடைக்கும். ‘முழுவதும் ஆங்கிலத்தில்’ என்ற வரி அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வரி வகுப்பறைக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொரிய அரசின் ஜி.கே.எஸ். உபகாரச் சம்பளத்தில் பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சி இருக்கிறது; ‘தோப்பிக்’ தேர்வில் மூன்றாம் நிலை தேறினால்தான் மேலே போகலாம். அதை வீணாகும் ஆண்டு என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஓராண்டு கிடைத்திருந்தால் ஆறு வார மாதிரிகள் மிஞ்சியிருக்கும்.

போக நினைப்பவர்கள் இப்போதே தொடங்கலாம். கொரிய நெடுங்கணக்கில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. ஒரு வார இறுதியில் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். செஜோங் கல்விக் கழகம் இணையத்தில் வகுப்பு நடத்துகிறது. தோப்பிக் தேர்வை மலேசியாவிலேயே எழுதலாம், சிங்கப்பூரிலும் எழுதலாம். எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் முதல் நிலைக்குப் போதும். நாடகம் பார்த்தே கற்றுக்கொள்வேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நாடகத்தில் யாரும் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை.

சென்ற விடுமுறையில் பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்தேன். அடுக்ககத்தின் வாசலில் ஒரு நேபாளக் காவலாளி. அங்கே அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு ஆகிறதாம். முந்தைய விடுமுறைகளிலும் அவரைக் கடந்துதான் போயிருப்பேன், பேசியதில்லை. இந்த முறை நின்று, எத்தனை மொழி தெரியும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: நேபாளி, இந்தி, மலாய், கொஞ்சம் ஆங்கிலம். பிறகு ஐந்தாவது விரலையும் மடக்கி, “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்றார், தமிழில்.

கொரியாவிலும் நலம் விசாரிக்க அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதற்கு அவர்கள் மொழியில் பதில் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள்.