பழைய பேட்டரியை எங்கே போடுவது?

எங்கள் வீட்டு மடிக்கணினி, சார்ஜர் கம்பியைப் பிடுங்கிய பத்தாவது நிமிடத்தில் அணைந்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. காட்டிய கடையில், "புதுசா ஒன்னு வாங்கிக்குங்க பாய்" என்றார்கள். குன்னத்தூர், பனியன் தொழிலோடு பிணைந்த ஊர். ஓவர்லாக் எந்திரத்தில் ஊசி முறிந்தால் ஊசியைத்தான் மாற்றுகிறோம். எந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. மடிக்கணினிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பேட்டரி தேய்வது அதன் இயல்பு. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை மின்னேறி இறங்கியதும் அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ ஏழை வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. பேட்டரி செத்துப்போன ஒரே காரணத்தால் பரண் ஏறிய கணினிகளை நாம் அறிவோம். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தில் இருக்கும் நமக்கு இது உறுத்த வேண்டும். அண்ணலார் (ஸல்) தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

வேலையும் பெரிதன்று. பழைய மாதிரிகள் பலவற்றில் அடிப்புறத் தாழ்ப்பாளைத் தள்ளினாலே பேட்டரி கையோடு வந்துவிடும். புதியவற்றில் அடிமூடியின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் மின்னேற்றத்தைக் கால்பங்குக்குக் கீழே இறங்கவிட்டு, கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். மூடியைத் திறந்ததும் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரியின் இணைப்பு முனையை. பேட்டரிமேல் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். உருவத்தை மட்டும் பார்த்து நாங்கள் வாங்கிய முதல் பேட்டரி பொருந்தவில்லை. அதைத் திருப்பி அனுப்புவதில் ஒரு வாரம் போயிற்று.

பசையிட்டு ஒட்டியிருந்தாலோ உப்பியிருந்தாலோ கத்தியால் நெம்பக் கூடாது, குத்துப்பட்டால் தீப்பற்றும். அப்போது வேலை தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிடலாம், அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் பசையிட்டு ஒட்டியவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, இத்தகைய பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராய 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது.

புதியதைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். கழற்றிய பேட்டரியோ குப்பைக் கூடைக்குப் போகிறது. பேரூராட்சிக் குப்பை வண்டியில் அது நசுங்கித் தீப்பிடித்தால் கருகுவது, நமக்கு ஒரு தீங்கும் செய்யாத தூய்மைப் பணியாளரின் கை. வெட்டுத்துணியும் பஞ்சும் குவிந்து கிடக்கும் நம் பகுதியில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பதை நுகர்வோரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்?

எங்களுடையது இப்போது முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டப்பட்டு, துணி ஏதும் இல்லாத திண்ணை மூலையில், மணல் நிரப்பிய மண்சட்டியில் இருக்கிறது. அடுத்த முறை திருப்பூர் செல்லும்போது மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.