‘தண்ணிப் பாம்புதானே’ என்று இருந்துவிடாதீர்கள்

சம்பாக் கதிர் பழுத்து, வயலில் தண்ணீரை வடிக்கும் நேரம் இது. நடவு முதல் நம் காலடியில் நெளிந்த தண்ணீர்ப் பாம்பு இனி ஈரத்தைத் தேடி வாய்க்காலுக்கும் குளத்துக்கும் நகரும். அதே வயலுக்கு, நெல்லைத் தின்ன வரும் எலியைத் தேடி, வேறு பாம்புகள் வரும். நாலைந்து மாதமாகப் பாம்பைப் பார்த்துப் பயம் விட்டுப்போன கை, அறுவடையில் அலட்சியமாகத் தாளுக்குள் நுழைவதுதான் நமது கவலை.

முதலில் தண்ணீர்ப் பாம்பு. மஞ்சளும் பழுப்பும் கலந்த உடலில் சதுரங்கக் கட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கண்ணுக்குக் கீழே ஒன்று, கண்ணுக்குப் பின்னிருந்து வாயோரத்துக்கு ஒன்று என இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள் தெரியும். மீனும் தவளையும் இதன் இரை. மனிதருக்குக் கேடு செய்யும் நஞ்சு இல்லை. ஆனால் கோபம் நிறைய உண்டு. மிதித்தால் ஓங்கிக் கடிக்கும், ரத்தமும் நன்றாகவே வரும். சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். நல்ல பாம்பு படமெடுக்கிறது என்று நினைத்து நாம் மண்வெட்டியை ஓங்குவது பெரும்பாலும் இந்த அப்பாவியின் மீதுதான்.

கண்ணாடி விரியன் அப்படியல்ல. தடித்த உடல், குட்டை வால். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வரிசையாகச் சங்கிலிபோல நீள்வட்டப் புள்ளிகள். ஆளைக் கண்டால் ஓடாது. சுருண்டு கிடந்து குக்கர்போலச் சீறும். காய்ந்த தாளோடு நிறம் ஒட்டிப்போவதால், சீறும்வரை கண்ணில் படாது. வரப்பு எலி வளையில் நல்ல பாம்பும் இருக்கும். வெள்ளை வளையமிட்ட கறுப்புக் கட்டுவிரியனோ இரவில் வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் படுப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் நம் ஊர்க் கணக்குகள் சில ஆளைக் கவிழ்த்துவிடும். முக்கோணத் தலை என்றால் விஷம் என்பார்கள். பயந்த தண்ணீர்ப் பாம்பும் தலையை முக்கோணமாக்கும். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் அந்த வடிவமே கிடையாது. வலித்தால் விஷம், வலிக்காவிட்டால் பயமில்லை என்பது அதைவிட மோசம். கட்டுவிரியன் கடி பல நேரம் எறும்புக் கடி அளவுக்குக்கூட வலிக்காது. தண்ணீரில் இருந்தால் விஷமில்லை என்பதும் தவறு. விரியனும் நல்ல பாம்பும் நன்றாக நீந்தும். கடைமடையில், முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் வலை போடுபவர்களுக்கு இன்னொன்று: துடுப்புபோல வால் தட்டையாக இருந்தால் அது கடற்பாம்பு. கடும் நஞ்சு, வலையில் கிடந்தாலும் கைவைக்க வேண்டாம்.

ஆகவே அடையாளம் பார்ப்பதெல்லாம் கடிபடுவதற்கு முன்பு, எட்டி நின்று. கடிபட்ட பிறகு எந்தப் பாம்பு என்று ஆராய நேரமில்லை. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தே விரியன் நஞ்சை மருத்துவர் கண்டுகொள்வார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோல அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். மந்திரித்துப் பிழைத்தவர் கதை ஊருக்கு ஒன்று உண்டு. விஷப்பாம்பும் சில நேரம் நஞ்சை இறக்காமலே கடிக்கும். அவர் பிழைத்தது அதனால்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கிராமத்தார். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. மருத்துவமனைக்கே வராதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

உதவி வேளாண் அலுவலர்களுக்கு ஒரு கோரிக்கை. எலி ஒழிப்புக் கூட்டம் போடும்போது இந்த நான்கு பாம்புகளின் படத்தோடு தண்ணீர்ப் பாம்பின் படத்தையும் காட்டுங்கள். இரவில் முறிமருந்து கொடுக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதையும் சொல்லிவிடுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலியைக் குறைத்து, வரப்பையும் குறுக்கினால் விரியனுக்கு அங்கே வேலை குறையும்.

சேற்றில் நடுபவரைப் பூட்ஸ் போடச் சொல்வது நடக்காத காரியம். காய்ந்த வயலில் அந்தச் சாக்கு இல்லை. இரவில் மடைக்குப் போகும்போது டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை அள்ளும் முன்பும், உளுந்து பறிக்கக் கொடிக்குள் கைவிடும் முன்பும் அந்தக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.