வருகைக்கு 200 ரூபாய், வலிக்கு?

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்தப்பட்டதும், வேலைக்கு வந்த நாளுக்கென அரசாங்கம் தன் பங்காக 200 ரூபாய் வருகை ஊக்குவிப்புத் தொகை தருவதாக அறிவித்ததும் மலையகமெங்கும் பேசித் தீர்ந்த செய்திகள். கம்பனிகள் எதற்கு முகம் சுளித்தன, தொழிற்சங்கங்கள் எதற்கு உரிமை கொண்டாடின என்ற இரைச்சலில் ஒரு கேள்வி அடிபட்டுப் போனது: வேலைக்கு வருவதற்குப் பணம் கொடுக்கும் அரசு, வரவிடாமல் மடக்கிப் போடும் முழங்காலுக்கு என்ன கொடுக்கிறது?

இந்தக் கேள்வியை இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானப் பகுதியில் வைத்துக் கேட்பது பொருத்தமானது. சிங்கராஜ வனத்தை ஒட்டிய இந்தப் பிரதேசத்தில் மழைக்குக் குறைவில்லை. சரிவான மலைகளில் நனைந்த மண்ணில் காலூன்றி நின்று கொழுந்தெடுப்போரும், றப்பர் மரத்தின் அடியில் குந்தியிருந்து பால் வெட்டுவோரும் தம் உடற்பாரத்தின் பெரும் பங்கை முழங்கால்களிலேயே இறக்கி வைக்கின்றனர். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு வீங்கி வலிக்கும் நிலையே மூட்டுத் தேய்வு எனப்படுகிறது. மாத்திரைக்கு அடங்காத வீக்கத்துக்கு மூட்டுக்குள்ளேயே ஸ்டெரொயிட் மருந்தைச் செலுத்தும் முறையை அமெரிக்க வைத்தியர் ஜோசப் ஹொலண்டர் 1951இல் பதிவு செய்தார். முக்கால் நூற்றாண்டு பழைய இந்தச் சிகிச்சையின் பயன் சில வாரங்களோ சில மாதங்களோதான் நிற்கும் என்பதால், முதல் ஊசியை எப்படி அனுபவித்தார் என்பதே ஒரு நோயாளி இரண்டாம் ஊசிக்கு வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் குளிர்த் தெளிப்பு என்ற எளிய பொருள் வருகிறது. எத்தில் குளோரைட்டு என்னும் திரவம் ஏறத்தாழ 12 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கலவானவின் வெக்கையில் அது தோலில் பட்ட கணமே ஆவியாகி, ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஊசி ஏற வேண்டிய இடத்தைக் கிருமிநீக்கித் துடைத்த பின், போத்தலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில விநாடிகள் தெளித்தால் தோல் வெண்ணிறமாகப் பூத்து மரத்துப்போகும். அந்த விறைப்பு ஒரு நிமிடம்கூட நில்லாது என்பதால் ஊசி உடனே ஏற வேண்டும். கூடுதலாகத் தெளித்தால் தோல் குளிரால் புண்ணாகும், இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும், தோலுக்குக் கீழே மூட்டுறை துளைக்கப்படும் வலியை அது தொடாது என்பவையெல்லாம் உண்மையே. ஆயினும் நோயாளியைப் பதறவைத்துக் காலை இழுக்கச் செய்வது தோலில் விழும் அந்த முதற் குத்துத்தான்.

எண்களை விரும்புவோருக்கு எண்ணும் உண்டு. சிகிச்சை முறைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு, நாளத்தில் ஊசிக்குழாய் ஏற்றும்போது இத்தகைய தெளிப்புகள் தரும் பயனை 2016இல் தொகுத்து வெளியிட்டது. வலியை அளக்க 100 மில்லிமீற்றர் நீளமான கோடு ஒன்றை நோயாளியிடம் கொடுத்து, ஒரு முனை வலியின்மை, மறுமுனை தாங்கொணா வலி என விளக்கி, தன் வலி எங்கே நிற்கிறது என்று குறிக்கச் சொல்வது வழக்கம். அந்தக் கோட்டில் தெளிப்புப் பெற்றோரின் குறி சராசரியாக 12.5 மில்லிமீற்றர் கீழே இறங்கியது. தெளிப்பின் குளிர் தானே உண்டாக்கிய வேதனை 6.3 மில்லிமீற்றர் என அதே தொகுப்பு ஒளிக்காமல் சொல்கிறது. கூட்டிக் கழித்தாலும் மிச்சம் நோயாளியின் பக்கமே நிற்கிறது. அது நாளத்தைப் பற்றிய ஆய்வு, மூட்டைப் பற்றியது அன்று என்று சிலர் நுணுக்கம் பேசக்கூடும். ஊசி எங்கே போகிறதாயினும் முதலில் துளைப்பது தோலைத்தான் என்பதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

வேறு சிலர் ஸ்டெரொயிட்டுடன் லிக்னோகைன் என்ற விறைப்பு மருந்தும் கலக்கப்படுகிறதே, போதாதா என்பர். ஊசி உள்ளே போன பிறகு வேலை செய்யும் மருந்து, உள்ளே போகும்போது எழும் வலியை எப்படித் தடுக்கும்? அதே மருந்தை முன்கூட்டித் தோலில் ஏற்றலாம் என்றால் அதற்கும் ஓர் ஊசி வேண்டும், அதுவும் எரியும். நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்து, அத்தியாவசிய மருந்துக்கே அல்லாடியதைக் காட்டி, இதெல்லாம் ஆடம்பரம் என்போரும் உளர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிய சேனக பிபிலேயின் பெயரையும், மருந்துச் செலவை வெட்டியவரென்று, அவர்கள் துணைக்கு இழுப்பர். பிபிலே வெட்டியது ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் விற்றுக் கொழுத்த வியாபாரத்தை. ஏழையின் வலி தணிப்பை அவர் வெட்டவில்லை.

உண்மையான தடை காசு அன்று, ஒரு நம்பிக்கை. மலையில் காய்த்துப்போன உடம்புக்கு ஊசி உறைக்காது என்ற நம்பிக்கை அது. 2016இல் வேர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் பங்குபற்றிய வெள்ளையின மருத்துவ மாணவரிலும் பயிற்சி வைத்தியரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்களில் ஒன்றையேனும் மெய்யென ஏற்றனர். அவ்வாறு ஏற்றவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். இலங்கையில் இப்படியோர் அளவீட்டை நடத்தினால் தோட்டத் தமிழரைப் பற்றி என்ன வெளிவரும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்துக்கொள்பவர் ஊசியையும் பொறுத்துக்கொள்வார் என்ற எண்ணம் துரைமார் காலத்துச் சரக்கு. அது வைத்தியசாலைக் கட்டிலருகே இன்றும் செலாவணியாவது வெட்கக்கேடு.

வலியின் மறுபாதி அச்சம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணமும் வலியை உடலுணர்ச்சியும் மனவுணர்ச்சியும் கலந்த அனுபவமாகவே கொள்கிறது. சிங்களம் பேசும் வைத்தியரிடமும் தாதியரிடமும் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு கொழுந்தெடுப்பவருக்கு, அடுத்து நடக்கப்போவது என்னவென்று எவரும் சொல்லாவிட்டால், போத்தலின் சீற்றமே ஊசியைவிடப் பெரிய பயமாகும். “இப்ப குளிரும், பொறகு சின்னதா ஒரு குத்து, கால அசைக்காதீங்க அம்மா” என்று தமிழில் சொல்ல ஒரு மூச்சு போதும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழையோடு தொங்குவதைவிட, ஊசிக்கு முன்னான அந்த ஒரு மூச்சில் ஒலிப்பதே பயனுடையது.

மீண்டும் கணக்குக்கு வரலாம். கிளினிக்குக்குப் போன நாளில் தொழிலாளிக்குப் பேர் விழாது. 1,550 ரூபாயும் போகிறது, 200 ரூபாயும் போகிறது, பஸ் காசும் சேர்கிறது. இவ்வளவையும் இழந்து வருபவருக்கு வலியும் பயமும்தான் கூலி என்றால், அவர் அடுத்த முறை தோட்ட டிஸ்பென்சரியில் நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு மலையேறுவார். மூட்டு முழுதாக அழிந்த பின் வேலையை விட்டு நிற்பார். ஊக்குவிப்புத் தொகையோ, நொண்டிக்கொண்டு வேலைக்குப் போவதற்குப் பரிசும் சிகிச்சைக்குப் போவதற்குத் தண்டமும் விதிக்கிறது. ஆகவே சுகாதார அமைச்சு, மூட்டூசி போடும் ஒவ்வோர் அரச கிளினிக்கிலும், கலவான ஆதார வைத்தியசாலை முதல் இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலை வரை, குளிர்த் தெளிப்பும் தமிழில் முன்விளக்கமும் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தொழில் அமைச்சு, கிளினிக் அட்டையில் முத்திரை விழுந்த நாளை வேலைக்கு வந்த நாளாகவே எண்ணி 1,750 ரூபாயையும் வழங்கச் செய்ய வேண்டும். இவை இரண்டும் நடந்தால் தோட்டங்களில் முழங்கால் வலியால் வேலையிழப்போர் தொகை குறையக்கூடும். நடவாதவரை, வருகை ஊக்குவிப்பு என்பது தொழிலாளியின் மூட்டைத் தொழிலாளியிடமே விலைக்கு வாங்கும் திட்டமன்றி வேறல்ல.