கொழுந்தனாரும் ரகசியக் கூட்டமும்

எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே சண்டை. ஓரகத்தியின் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டும் என்று நர்ஸம்மா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனாரோ, "உலகத்தையே ஒரு ரகசியக் கூட்டம் ஆட்டிப் படைக்கிறது. ஜனத்தொகையைக் குறைக்கத்தான் இந்த ஊசி" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்து வந்த வினை. சினிமா போஸ்டரில் நடிகர் ஒரு கண்ணை மறைத்தால் அது சாட்சியாம். டாலர் நோட்டில் முக்கோணத்துக்குள் கண் இருப்பதும் சாட்சியாம். "நான் போடும் கோலத்திலும் முக்கோணம் இருக்கிறதே, நானும் அந்தக் கூட்டமா?" என்று கேட்டேன். முறைத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லைதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதே ஊசி போட்டபோது, வாட்ஸ் அப்பில் வந்த ஏதோ ஒரு குரலை நம்பி, ஒன்றாம் வகுப்பு படித்த மகளை வீட்டில் நிறுத்திக்கொண்டவள் நான். பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்றது அந்தக் குரல். பேசியது யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மாமியார்தான் சத்தம் போட்டார். அவருடைய தங்கை சின்ன வயதில் பெரியம்மையில் போனவள். "செத்த வீட்டு அழுகை உனக்குத் தெரியுமாடி?" என்றார். நல்லவேளை, என்னைப் போல் பயந்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் கடைசித் தேதியை நீட்டித்தார்கள். மகளுக்கும் போட்டுவிட்டேன்.

அன்று ஒரு டாக்டரம்மா விளக்கினார். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் கரு கலையலாம். இல்லாவிட்டால் காது கேளாமல், கண்ணில் புரையோடு, இதயக் கோளாறோடு குழந்தை பிறக்கலாம். பிள்ளை பிறக்காமல் செய்யும் என்று நான் பயந்த ஊசிதான், பிறக்கப்போகும் பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி!

கொழுந்தனார் சொல்லும் 'இலுமினாட்டி' பற்றி அதே மகள்தான் இப்போது படித்துச் சொன்னாள். 1776-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஷாப்ட் என்ற பேராசிரியர் ஆரம்பித்த சங்கமாம். பத்து வருஷத்துக்குள் அரசாங்கம் தடை போட்டதாம். பிறகு அவர்களுடைய கடிதங்களைக் கைப்பற்றி அச்சிட்டே விட்டதாம். இதுவா இன்று உலகை ஆள்கிறது?

போன வருஷம் என் தம்பிக்காக இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும். நாலாம் நாள் பால்காரர் விசாரிக்கிறார்! இத்தனை நாட்டு டாக்டர்களும் நர்ஸுகளும் ஒருவர் விடாமல் வாய் மூடிக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் அதே ஊசியைப் போடுகிறார்களா? மருந்துக் கம்பெனிகள் லாபம் பார்ப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அது பேப்பரிலேயே வருகிறது. தாராளமாகக் கேள்வி கேட்கட்டும். அதற்காகக் கைக்குழந்தையைப் பணயம் வைப்பதா?

வருகிற புதன்கிழமை சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். நானும் ஓரகத்தியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். மாமியாரும் வருகிறேன் என்கிறார். கொழுந்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை வரைக்குமாவது பால்காரருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்.