கராச்சிக்கு வராத கப்பல்

1930 அக்டோபர் 4 மாலை இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து கிளம்பிய ஆர்101 ஆகாயக் கப்பல், எகிப்தின் இஸ்மாயிலியாவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கராச்சிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கராச்சியில் அதற்கெனப் பிரமாண்டமான கொட்டகையே காத்திருந்தது. மறுநாள் விடியுமுன் கப்பல் பிரான்சின் போவே நகருக்கு அருகே தரையில் மோதி எரிந்தது; 54 பேரில் 48 பேர் பலி. பிரிட்டன் அத்தோடு ஆகாயக் கப்பலைக் கைகழுவியது.

வந்திருந்தால்? அந்த வழி மதுரைவரை நீண்டிருந்தால்?

மதுரைக்காரர் இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல்-காதிமில், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கரையில் இறங்கிய சரக்கு நைல் நதிவரை ஒட்டகத்தின் முதுகில்தான் பாலைவனம் கடந்தது. அதே மணலுக்கு மேலே மதுரைச் சுங்குடிச் சேலைப் பொதிகள் மிதந்து போவதாகக் கற்பனை செய்யலாம், தடையில்லை.

ஆனால் மல்லிகை துபாய்க்குப் போயிருக்காது. ஆர்101-இன் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 114 கிலோமீட்டர். மதுரையிலிருந்து துபாய் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடிகாலை வாங்கிய மொட்டு நடுவழியிலேயே விரிந்து வாடியிருக்கும்.

வெயில் இன்னொரு வில்லன். காற்று சூடாகச் சூடாகக் கப்பலின் தூக்குதிறன் குறையும். சித்திரை மாத மதுரையில் சரக்கைக் குறைத்தால்தான் எழும்பும். வெப்பநாட்டில் பெட்ரோல் ஆபத்து என்று பயந்தே ஆர்101-க்குக் கனமான டீசல் இன்ஜின்களைப் பொருத்தினார்கள். வயிற்றில் நிரப்பியதோ ஹைட்ரஜன்!