குழந்தையின் எடை எந்த ஃபைலில் இருக்கிறது?



2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை நம்மில் பலர் மறந்திருப்போம். அந்தத் தீக்கு ஆன டீச் செலவை யாரும் மறந்திருக்க மாட்டோம். தீயை அணைக்க ஆன செலவு ஏறக்குறைய 76 லட்சம் ரூபாய், அதில் டீ, காபி, சாப்பாட்டுக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேல் என்று மாநகராட்சிக் கணக்கு சொன்னதும் ஊரே சிரித்தது, திட்டியது, மீம் போட்டது. டீக்கடை பெஞ்சில் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. கேட்டது நல்லதுதான். ராத்திரி பகலாகப் புகையில் நின்று வேலை பார்த்தவர்களுக்குச் சோறு போட்டதில் தப்பில்லை. கணக்கு சரியா என்று கேட்பதிலும் தப்பில்லை.

ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி யார் வாயிலும் வரவில்லை. அத்தனை நாளும் அந்தப் புகையை இழுத்த பிள்ளைகள் எத்தனை பேர்? கோணவாய்க்கால்பாளையத்திலும் வெள்ளலூரிலும் போத்தனூரிலும் எத்தனை குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வந்தது, எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பிறகு யாராவது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள்? டீக்குக் கணக்கு எழுதியிருந்தார்கள். இதற்கு எழுதப்பட்ட கணக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை.

இந்த மாதம் உக்கடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. உக்கடத்தில் அளக்காத பொருள் இல்லை. ஆத்துப்பாலம் வரை போகும் மேம்பாலம் 3.8 கிலோமீட்டர், 481 கோடி ரூபாய், திறந்தது 2024 ஆகஸ்ட் 9. பெரிய குளத்தின் பரப்பு 300 ஏக்கருக்கு மேல். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர். ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் 2016 ஜனவரியில் கோவை பெயர் வந்ததிலிருந்து குளக்கரையில் நடைபாதை எத்தனை மீட்டர், விளக்கு எத்தனை என்று எல்லாவற்றுக்கும் அறிக்கை உண்டு. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரையில் நடப்பது சுகமான விஷயம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. அதே கரையை ஒட்டிய வீதிகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் வயதுக்கேற்ற எடையில் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் ஆபீஸாக அனுப்புவார்கள்.

ஏன் அனுப்புகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உக்கடம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறக்கிற குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அது குடியிருக்கும் வீடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. குடிக்கிற தண்ணீர் மாநகராட்சியுடையது. தடுப்பூசி போடுவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சத்துமாவு கொடுக்கும் அங்கன்வாடி சமூகநலத் துறையின் கீழ் வருகிறது. பள்ளிக்கூடம் போனால் காலைச் சிற்றுண்டிக்கு ஒரு பொறுப்பு, மதிய உணவுக்கு இன்னொரு பொறுப்பு. சுவாசிக்கிற புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இருமல் வந்தால் வாங்குகிற மருந்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. இவ்வளவு பேர் ஒரு குழந்தையைத் தொடுகிறார்கள்; மொத்தக் குழந்தைக்கும் பொறுப்பானவர் யார் என்றால் பதில் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் வளாகத்துக்கு உள்ளே என்றால் வாரியம், காம்பவுண்டுக்கு வெளியே என்றால் மாநகராட்சி. அந்தத் தண்ணீரைத் தாண்டிக் குதித்து ஸ்கூலுக்குப் போகிற பையனுக்குக் காம்பவுண்டு எங்கே முடிகிறது என்பது ஒரு பொருட்டா?

இந்த இடத்தில் உக்கடம் சி.எம்.சி. காலனியைச் சொல்லாமல் போக முடியாது. ஊர் முழுவதையும் கூட்டிச் சுத்தம் செய்கிற தூய்மைப் பணியாளர்களின் குடும்பங்கள் அங்கே இருந்தன. மேம்பாலத்துக்காக இடம் தேவைப்பட்டது. அவர்களில் பல குடும்பங்கள் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு மாறிப் புது வீட்டுக்காகக் காத்திருந்தன. பாலத்தின் தூண்கள் எழும்பியதை மாதாமாதம் செய்தியில் படித்தோம். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்த குழந்தைகளின் உடம்பு எப்படி இருந்தது என்பது செய்தியாகவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பத்திரிகைக்காரர்களுக்குத் தூண் கண்ணில் படுகிறது.

கோவைக்கு எண்ணிக்கையின் அருமை தெரியாது என்று சொல்ல முடியாது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஊரில் 53,080 பேர். 1911-இல் 47,007 பேர். வளர்கிற ஊர் பத்தே வருடத்தில் சுருங்கிவிட்டது. பிளேக்குக்குப் பலியானவர்கள் பாதி, பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு தோட்டங்காட்டுக்குப் போனவர்கள் பாதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருந்தும் இல்லை, மாநகராட்சியும் இல்லை, அன்றைக்கு இருந்த நகராட்சியால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஜனங்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். இன்றும் அந்தப் பெயரிலேயே கோவையில் ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு நோயின் பெயரைத் தாங்கிக்கொண்டு நிற்கிற தெய்வம். முறையிட வேறு இடம் இல்லாதபோது அங்கே போய் முறையிட்டார்கள்.

இன்னொரு கதையும் அதே காலத்தில் ஓடியது. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டு வரலாம் என்று சே.ப. நரசிம்மலு நாயுடு 1889-இலேயே சொன்னார். செலவு அதிகம் என்றார்கள், முடியாது என்றார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் ஆயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் போன்றவர்கள் விடாமல் பிடித்து நின்றதால்தான் வேலை நடந்தது, ஆர்.எஸ். புரம் என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். இன்றைக்கு வெளியூர்க்காரர்களிடம் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த ருசிக்குப் பின்னால் நகராட்சிக் கூட்டங்களில் சலிக்காமல் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

மக்கள் உடல்நலத்தைக் கவனிப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமும் அல்ல. பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை 1923-இல் வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதல் பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. காமராஜர் மதிய உணவு, எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி வரை வரிசையாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்; எதிர்க்கட்சிக்காரர்கூட எதிலும் கை வைக்கத் துணியாத திட்டங்கள் அவை.

ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை ஒருமுறை புரட்டுங்கள். 2019-21 கணக்கு அது. தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் முந்தைய சுற்றின் 27.1 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்திருக்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 19.7-இலிருந்து 14.6 ஆகக் குறைந்திருக்கிறார்கள். நல்ல சேதி. ரத்தசோகை மட்டும் எதிர்த்திசையில் போயிருக்கிறது: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 50.7 சதவீதமாக இருந்தது 57.4 ஆக ஏறியிருக்கிறது. இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல். சோறு போடுகிற மாநிலத்தில், சோறு மட்டும் போதவில்லை என்று ரத்தம் சொல்கிறது.

சரி, உக்கடத்தில் எவ்வளவு? அந்த ஆய்வு மாவட்டம் வரைதான் இறங்கும். வார்டுக்கு வராது. வார்டுக் கணக்கு எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. அங்கன்வாடி அக்கா மாதாமாதம் எடை பார்க்கிறார். தராசில் நிற்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளையிடம், "கண்ணு, ஒரு நிமிசம் நில்லு சாமி" என்று கெஞ்சிக் கூத்தாடி நிற்க வைத்து எழுதுகிறார். நோட்டில் எழுதியதை போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார். நெட் கிடைக்காவிட்டால் மாடிப்படியில் நின்று ஏற்றுகிறார். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு போய் குறைபாடுகளைப் பார்க்கிற தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தர அளவு. இத்தனையும் எழுதப்படுகிறது. எழுதியதெல்லாம் மேலே போகிறது: வட்டாரம், மாவட்டம், சென்னை, டெல்லி. எந்த வீதியில் அளந்தார்களோ அந்த வீதிக்குத் திரும்பி வருவதில்லை. தன் குழந்தையின் எடை தாய்க்குத் தெரியும். தன் வீதியில் தன் குழந்தையைப் போல எத்தனை என்பது தெரியாது. அது தெரிந்தால்தானே நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள்?

கணக்கு கீழே இறங்கி வந்தால் வேலை நடக்கும் என்பதற்கு அரசே சாட்சி. 2022-இல் நீலகிரியில் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அளந்து, ஊட்டச்சத்துக் குறைந்தவர்களைப் பெயர் பெயராகப் பிரித்து, மருத்துவரிடம் காட்டி, தனி உணவு கொடுத்தார்கள். பெரும்பாலோர் தேறினார்கள் என்பது அரசின் கணக்கு. குழந்தையைப் பெயர் சொல்லித் தேடிப் போனார்கள், அவ்வளவுதான்.

அளக்காமல், போய்ப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்று வட்டாரத்திலும் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபது பேருக்கு மேல். அக்டோபர் தொடக்கத்தில் தகவல் வந்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உடனே மாதிரி எடுத்துச் சோதித்தது. டைஎத்திலீன் கிளைகால் என்கிற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று விட்டுவைக்கிற அளவு 0.1. ஆலைக்குள் போய்ப் பார்த்தபோது 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். உற்பத்தியை நிறுத்தினார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள், உரிமையாளர் கைதானார். ஒரே நாளில் கண்டுபிடிக்கிற திறமை நம் துறைக்கு இருக்கிறது. அதற்கு முன் யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்வியில்தான் இரண்டு மருந்து ஆய்வாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மருந்து ஆய்வுகள் இலக்கைவிடக் குறைவு என்பதைத் தணிக்கைத் துறை 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையிலேயே சுட்டிக்காட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அன்றைக்கே யாராவது சத்தம் போட்டுப் படித்திருக்கலாம். டீ பில்லுக்குப் போட்ட சத்தத்தில் கால்வாசி போதும்.

கீழ்மட்டத்தில் இருக்கிறவரைத் திட்டுவது நமக்குச் சுலபம். அங்கன்வாடி அக்காவும், கொசு மருந்து அடிக்கிற அண்ணனும், சுகாதார ஆய்வாளரும் நம் கண்ணெதிரே இருப்பதால் எல்லாக் கோபமும் அவர்கள் தலையில் விழுகிறது. ஆட்கள் போதாமல் இரண்டு மையத்தை ஒருவர் பார்க்கிற இடங்களில் அவரிடம் போய்க் கத்துவது நியாயமில்லை. இடத்தை நிரப்பாதவர் யார், எந்தத் தேதிக்குள் நிரப்புவார் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்க இடம் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று சபைகள் கூடத் தொடங்கின. கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள். எத்தனை வார்டில் சபை ஒழுங்காகக் கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடினால் தெருவிளக்கு, ரோடு, குப்பைத்தொட்டி என்று பேசிவிட்டுக் கலையாமல், இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: நம் வார்டு அங்கன்வாடிகளில் எடை குறைந்த குழந்தைகள் போன மாதம் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை பேர்? குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்த்த தேதியும் அளவும் என்ன? பள்ளியில் மருத்துவக் குழு கண்டுபிடித்த குறைபாடுகளில் எத்தனைக்குச் சிகிச்சை முடிந்தது? யார் பெயரும் வேண்டாம். குழந்தையின் பெயரைச் சபையில் சொல்வது தப்பு. எண்ணிக்கை போதும்.

சபை கூடவில்லை என்றால் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் சமூகநலத் துறைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "இது எங்கள் துறை இல்லை" என்று வந்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உரிய துறைக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது.

அடுத்த இதழிலிருந்து இதற்காக ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உக்கடம், கரும்புக்கடை, செல்வபுரம், குறிச்சி, போத்தனூர் என்று எந்தப் பகுதியானாலும் வார்டு எண், கேட்ட தேதி, கிடைத்த பதில் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பதிலே வரவில்லை என்றால் கேட்ட தேதியை மட்டும் போடுவோம். மாதாமாதம் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்