குழலைத் தின்பது நெருப்பு

இலக்குச் சுடுதலுக்கான ரைபிள் குழல் ஒவ்வொன்றுக்கும் உப்புக் குளியலில் நைதரசன் ஊட்டி மேற்பரப்பை வன்மையாக்க வேண்டும், அதைச் செய்யாத வீரர் தன் துப்பாக்கியைத் தானே பாழாக்குகிறார் என்று ஒரு கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம், நன்றாகத் தோய்ச்சல் ஏறிய இறப்பர் பால்வெட்டுக் கத்தி நீண்ட நாள் வெட்டும் என்பது. குழலுக்கும் அதே விதியாம். எம்பிலிப்பிட்டியவில் உலை ஊதும் எந்தக் கொல்லரும் இந்த வாதத்தை ஏற்கமாட்டார். எந்தப் பொருளுக்கும் பதம் வைப்பதற்கு முன், அது எதனால் தேய்கிறது என்றுதான் அவர் கேட்பார். கட்டுரையாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கத்தி மரப்பட்டையோடு உராய்ந்து மழுங்குகிறது. ரைபிள் குழல் அப்படி அழிவதில்லை. சன்னத்தின் செப்பு உறை உருக்கைவிட மிக மென்மையானது. குழலைத் தின்பது நெருப்பு. வெடிமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் 2,500 பாகை செல்சியஸை எட்டும். உருக்கு உருகுவதோ ஏறத்தாழ 1,500 பாகையில். நெருப்பு நிலைப்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதால் குழல் தப்புகிறது. ஆனால் ரவை இருக்கும் அறையைத் தாண்டி, துளையின் சுருள் வரிகளான சுரி தொடங்கும் தொண்டைப் பகுதியின் மேற்தோல் ஒவ்வொரு வேட்டுக்கும் கொதித்துக் குளிர்கிறது. பிறகு அது பாளம் பாளமாக வெடிக்கிறது, வெடித்ததை வாயு அரித்துக்கொண்டு போகிறது. நைதரசன் ஊட்டலில் கிடைக்கும் மிகக் கடினமான மேற்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அது அரிப்பைச் சற்றுத் தள்ளிப்போடக்கூடும், நிறுத்தாது. “குழல் இனித் தேயாது” என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

அடுத்து, யாருக்கு இந்த அறிவுரை? இன்று ஒலிம்பிக்கில் உள்ள ரைபிள் போட்டிகள் 10 மீற்றர் காற்று ரைபிளும் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியும்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்று ரைபிளில். 2012 லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வென்றதும், நம் இலங்கை வீராங்கனை தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் நிற்பதும் அதே போட்டியில்தான். காற்று ரைபிளில் வெடிமருந்தே இல்லை. அழுத்திய காற்று ஈயக் குண்டைத் தள்ளுகிறது. நெருப்பே இல்லாத குழலில் எந்த நெருப்பைத் தடுக்க இந்தச் செலவு?

50 மீற்றருக்குரிய .22 ரவையின் உச்ச அழுத்தம் 7.62 மி.மீ. ரவையினுடையதில் பாதிக்கும் குறைவு. அதன் சன்னம் மெழுகு பூசிய ஈயம். அந்தக் குழல் பல பத்தாயிரம் வேட்டுகளைத் தாங்கும். அதைக் கெடுப்பவை அறைக்கு முன்னே வளையமாய் இறுகும் கரியும், வழிகாட்டி பொருத்தாமல் செலுத்தும் துப்புரவுக் கம்பியுமே. மீதமிருப்பவர்கள் 300 மீற்றரிலும் அதற்கு அப்பாலும் பெரிய ரவையால் சுடும் சிறு தொகையினர். அவர்களுக்கு மட்டும் பொருந்தக்கூடிய ஒன்றை “ஒவ்வொரு குழலுக்கும்” என்று நீட்டியிருப்பதுதான் கட்டுரையின் பெருந்தவறு.

அந்தச் சிறு தொகையினருக்கும் அவர் முழு உண்மையைச் சொல்லவில்லை. உப்புக் குளியல் 570, 580 பாகையில் நடக்கிறது. சுரியிடும்போது உருக்கில் தங்கிய உள்ளிறுக்கத்தை முன்பே முறையாக நீக்காவிட்டால், அந்தச் சூட்டில் குழல் நெளியலாம். இலக்குக் குழல்கள் பல துருப்பிடியா உருக்கில் ஆனவை. அதைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். இந்தச் சூட்டில் நைதரசன் குரோமியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அந்தக் காப்பே குறைகிறது. தொண்டை அரிக்கப்பட்ட குழலின் பின்முனையை வெட்டி, புதிதாக அறை குடைந்து இரண்டாம் முறை பயன்படுத்துவது துப்பாக்கிக் கம்மியரின் வழக்கம். வன்மையேறிய மேற்பரப்பு அந்தக் குடையும் கருவியையே மழுங்கடிக்கும். குழலின் ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லி, அதன் இரண்டாவது ஆயுளைப் பறிக்கும் வேலை இது.

இராணுவத்தின் ரி-56 ரைபிள் குழலின் உட்புறம் குரோமியம் பூசப்பட்டிருப்பதையும் அவர் துணைக்கு அழைக்கிறார். அந்தப் பூச்சு துல்லியத்துக்காக வந்ததல்ல. சேற்றிலும் மழையிலும் துருப்பிடிக்காமல், வெற்றுக்கோது அறையில் சிக்காமல், ஆயிரக்கணக்கான வேட்டுகளைத் தாங்குவதற்காக வந்தது. வியட்நாமில் எம்-16 ரைபிள்கள் கோது சிக்கித் திணறிய பிறகு, 1967இல் அமெரிக்கர் அவற்றின் அறைக்குக் குரோமியம் பூசியதும் இதே காரணத்தால்தான். சிப்பாய்க்கு வேண்டியது நம்பிக்கையாக வெடிக்கும் துப்பாக்கி. பத்துக்குள் பத்தைத் தேடும் வீரருக்கு வேண்டியது முனையிலிருந்து முனைவரை ஒரே அளவான துளை. பூச்சின் தடிப்பு எங்காவது மாறினால் அந்த அளவு கெடும். ஆகவேதான் உயர்தர இலக்குக் குழல்களைச் செய்வோர் பெரும்பாலும் குரோமியம் பூசாமல், துளையைக் கையால் மெருகேற்றி விடுகிறார்கள்.

துருவைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்வதில் நியாயம் உண்டு. இறக்குவானை மலை ஈரத்தில் சாதாரண உருக்கு விரைவில் செம்மை பூக்கும், நைதரசன் ஊட்டல் அதைத் தடுக்கும். உடவளவை ஓரத்தில் காட்டுப்பன்றியை விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கும் உட்பூச்சுள்ள குழல் பயன்தரும். அவருடைய துப்பாக்கிக்குச் சுரியே கிடையாது, அவர் சுடுவது புள்ளிக்காகவும் அல்ல. அந்தத் தேவையைக் காட்டி இலக்கு வீரரின் பணப்பையைத் திறக்கக் கூடாது.

பிள்ளையைச் சுடுகளத்துக்கு அனுப்பும் நடுத்தரக் குடும்பம், ரவைக்கும் பயிற்றுநருக்கும் காசை எண்ணி எண்ணிச் செலவிடுகிறது. அந்தக் காசைத் தேவையில்லாத சிகிச்சையில் கொட்டச் சொல்லும் அறிவுரைக்கு அளந்து பார்த்த சான்று வேண்டும். ஒரே குழலில், ஒரே வகை ரவையால், வன்மையாக்கத்துக்கு முன்னும் பின்னும் சுட்ட இலக்குத் தாள்களைக் கட்டுரையாளர் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் “ஒவ்வொரு குழலுக்கும்” என்ற சொற்களைத் திரும்பப் பெறட்டும்.